மேலே கேட்பதும் கீழே கொடுப்பதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "நான் கிரைண்டர் செய்யறவனுங்க, மேடையில என்னத்தப் பேசறது?" என்றேன். "அந்தக் காலத்துல இதே ஹால்ல மேசையைத் தட்டித் தட்டிப் பேசினவர்தானுங்களே நீங்க. அதையே பேசுங்க" என்றார். விட்டால் போதும் என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பாதியில் நின்றுபோன ஒரு பேச்சை இன்றைக்கு முடிக்கப் பார்க்கிறேன்.

1974-ஆம் ஆண்டு. நான் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பாரதியார் பல்கலைக்கழகம் கிடையாது. அது 1982-ல்தான் வந்தது. நாமெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். கேள்வித்தாளும் சென்னையிலிருந்து வரும், ரிசல்ட்டும் சென்னையிலிருந்து வரும். அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. 1969-ல் அமைத்து 1971-ல் அறிக்கை கொடுத்த ராஜமன்னார் குழுவின் பரிந்துரைகள்தான் அதற்கு அடிப்படை. நீதிபதி ராஜமன்னாரோடு அந்தக் குழுவில் இருந்த இருவரில் ஒருவர், நம் பல்கலைக்கழகத்துக்கே இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார். ஆகவே அது எங்களுக்குக் கட்சிச் சங்கதியாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுச் சங்கதியாகத்தான் தோன்றியது.

ஜூலையில் கல்லூரி திறந்ததும் ஒரு சொற்போர் வைத்தார்கள். மாநிலங்களுக்கு அதிகாரம் கூடினால் நாடு வலுப்பெறுமா, வலுவிழக்குமா என்பது தலைப்பு. வலுப்பெறும் என்று நான் பேசினேன். வலுவிழக்கும் என்று பேசியவன் என் அறைத் தோழன். அவன் பிறகு மத்திய அரசுப் பணிக்குப் போய், நாடு முழுக்கச் சுற்றி, ஓய்வு பெற்று, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான். (சிரிப்பு.)

நாங்கள் பேசி முடித்ததும் எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். "தம்பிகளா, தில்லி சென்னைக்கு இன்னும் கொடுக்கணும்னு ஒருத்தர் சொன்னீங்க. கொடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னீங்க. சென்னை உங்க ஊருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு ரெண்டு பேருமே சொல்லலையே? அதுக்குப் பதில் சொல்றவனுக்குத்தான் பரிசு" என்றார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. பரிசுப் புத்தகம் லைப்ரரிக்கே திரும்பிப் போய்விட்டது. பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்ததும் எங்கய்யன் நடத்திய பட்டறையை எடுத்துக்கொண்டேன். கல், மோட்டார், டிரம், ஸ்டாண்ட் - இவ்வளவுதான் கிரைண்டர். ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்து செய்த இந்தச் சாமான் தமிழன் எங்கே குடியேறினாலும் கூடவே போயிருக்கிறது. கோயமுத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. வடக்கே பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அங்கே சப்பாத்தி, மாவு ஆட்ட வேண்டிய தேவை இல்லை.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை கிரைண்டருக்கு எவ்வளவு விற்பனை வரி என்பதை மாநில அரசு முடிவு செய்தது. குறை இருந்தால் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போவோம், தமிழில் சொல்லுவோம், கேட்கிறவர் வீட்டிலும் ஒரு கிரைண்டர் இருக்கும். ஜி.எஸ்.டி.யில் கிரைண்டருக்குப் போட்ட வரி 28 சதவீதம். ஏழை எளியவர் வீட்டு இட்லி மாவுக்கு, சொகுசுச் சாமானுக்கான வரி! நவம்பரில் குவாஹாத்தியில் கூடிய கவுன்சில் அதை 12 ஆக்கியது. 2019 செப்டம்பரில் கோவாவில் 5 ஆனது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். ஐந்து வருஷத்தில் நான்கு விகிதம். விலைப் பட்டியலை அச்சடித்து அடுக்கி வைப்பதற்குள் அது பழைய பேப்பர் ஆகிவிடும்.

யாரைக் குற்றம் சொல்வது? இந்தக் கவுன்சிலின் அமைப்பை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ல் வந்த 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதை உண்டாக்கியது. வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மீதி இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, சமமாக. ஒரு முடிவு எடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அதாவது மத்திய அரசு வேண்டாம் என்றால், எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் எதுவும் நடக்காது. ஏழு கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டுக்கும், ஏழு லட்சம்கூட இல்லாத சிக்கிமுக்கும் ஒரே மதிப்பு. வாக்கெடுப்புக்கு விடுவதே அபூர்வம். 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் முதன்முதலாக வாக்கெடுத்தார்கள். கவுன்சில் சொல்வது பரிந்துரைதான், சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. ஆனால் நடைமுறையில் பரிந்துரைதான் வரி. ஆக, யாரும் தனியாக முடிவெடுக்கவில்லை. ஆகவே யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. சென்னையில் கேட்டால் கவுன்சிலைக் காட்டுகிறார்கள், தில்லியில் கேட்டால் "உங்க மாநில மந்திரியும் அங்கேதானே இருந்தார்?" என்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் நண்பனிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ளே, வாளையாறு ஞாபகம் இருக்குதா?" என்றான்.

இருக்கிறது. கேரளாவுக்கு ஒரு லோடு கிரைண்டர் அனுப்பினால் வாளையாறு வரிச் சோதனைச் சாவடியில் லாரி வரிசைகட்டி நிற்கும். மணிக்கணக்கு, சில நாள் ராப்பகல். டிரைவர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகளின் வரி வேலை முடிந்துபோனது. இன்று லாரி நிற்காமல் போகிறது. அதை நான் மறைத்தால் பாவம்.

அவன் அதோடு விடவில்லை. "கரண்ட் இல்லாம கிடந்தீங்களே, அதுவும் ஞாபகம் இருக்குதா?" என்றான். 2008-லிருந்தே மின்வெட்டு, 2012-ல் உச்சம். பகலெல்லாம் பட்டறையில் இருட்டு. ஆட்களை உட்கார வைத்துக் கூலி கொடுத்தேன். கொடுக்க முடியாத சிறு பட்டறைகள் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் ஷட்டரை இறக்கின. தேவையான மின் நிலையங்களை உரிய நேரத்தில் கட்டாதது மாநிலத்தின் குறை. ஆனால் வெளியே வாங்கலாம் என்றாலும் வழியில்லை. வடக்கே மின்சாரம் இருந்தது. தேவையான அளவுக்குத் தெற்கே கொண்டுவரப் போதுமான கம்பித் தடம் இல்லை. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்த பிறகுதான் தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒன்றாகியது. அதைச் செய்தது மத்திய அரசின் பவர் கிரிட் நிறுவனம். எந்த ஒரு மாநிலமும் தனியாகச் செய்திருக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலைகளின் மின்சாரம் மிச்சப்பட்டால் வடக்கே விற்பதற்கும் வழி அதுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாநிலத்தால் தனியே செய்ய முடியாததை மத்திய அரசு செய்யட்டும். மாநிலம் செய்ய முடிவதை மாநிலமே செய்யட்டும். கம்பி நாடு முழுக்க ஓடவேண்டியது, கிரைண்டர் வீட்டுக்குள் ஓடுவது. இவ்வளவு எளிமையான கணக்கு ஏன் தவறுகிறது? யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், தன் நாற்காலிக்கு மேலே இருக்கும் அதிகாரம் அதிகமாகவும், கீழே இருக்கும் ஆட்கள் தகுதி குறைவாகவும் தெரிவதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

நம் மண்ணிலேயே ஒரு பெரியவரைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அவர்கள். அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். பிறகு சென்னை மாகாணத்தில் நிதி, கல்வி மந்திரி. பிறகு தில்லியில் உணவு மந்திரியாகப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்தார். 1974 முதல் 1977 வரை மத்திய நிதி மந்திரி. எல்லா நாற்காலியும் பார்த்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் போட்டது. ஒரு காலத்தில் இந்த மாநிலத்துக் கல்வியை நடத்தியவரே அமைச்சராக இருந்த மத்திய அரசுதான் அதைச் செய்தது. நீட் தேர்வு பற்றிய இன்றைய வழக்குகளின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனிதர் இருந்தாலும் நாற்காலிக்கென்று ஒரு பார்வை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசியல் நிர்ணய சபையில் நம் தமிழகத்தின் கே. சந்தானம் இதை அன்றைக்கே எச்சரித்தார். எல்லாப் பொறுப்பையும் மத்திய அரசின் தலையில் ஏற்றுவது அதை வலுவாக்காது, பலவீனமாக்கும் என்பது அவர் வாதம். சுமை தாங்காத வண்டி மாடு படுத்துக்கொள்வது நமக்குத் தெரியாததா?

பேச உட்கார்ந்தால் எதுவும் முடியும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைப் பாருங்கள். 1958-ல் சென்னையில் காமராஜர், காங்கிரஸ். திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட், கம்யூனிஸ்ட். இரண்டு அரசுகளும் பேசின. 1970 மே 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 1958 நவம்பர் 9 முதலே அமலுக்கு வந்ததாக அதில் எழுதினார்கள். அதாவது காகிதம் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளக் காட்டில், பராமரிப்பது தமிழ்நாடு. மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளாவுக்கு விட வேண்டும். மறுபரிசீலனை பற்றி இரண்டு பக்கமும் வருத்தங்கள் உண்டு. ஆனாலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் நான்கு லட்சம் ஏக்கர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. காவிரிக்கோ 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் முடிந்த பங்காளிச் சண்டைக்கும், கோர்ட்டுக்குப் போன பங்காளிச் சண்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மாநிலத்தின் மேல் மத்திய அரசின் கை ஓங்கிய நாட்களும் உண்டு. 1976, 1980, 1991 என்று மூன்று முறை, சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த அரசுகளைத் தமிழகத்தில் கலைத்தார்கள். 1991-ல் ஆளுநரின் அறிக்கைகூட இல்லாமல். 1994-ல் பொம்மை வழக்கில், பெரும்பான்மையைச் சட்டமன்றத்துக்குள் சோதிக்க வேண்டும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிய பிறகுதான் அந்தக் கை கொஞ்சம் இறங்கியது. சர்க்காரியா குழு 1988-ல் அறிக்கை கொடுத்தது. 2025-ல் தமிழக அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடியும் ஒரு குழு அமைத்தது. ராஜமன்னார் குழு அமைத்து ஐம்பத்தாறு வருஷம் கழித்தும் அதே கேள்வி.

இதையெல்லாம் சொன்னால் இங்கே கைதட்டு கிடைக்கிறது. இப்போது சொல்லப்போவதற்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

சென்னை நம் ஊருக்கு எவ்வளவு கொடுத்தது? தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் 1970-ல் நடந்தது, அடுத்தது 1986-ல். அதற்கடுத்தது 1996-ல். சுயாட்சி கேட்ட ஆட்சியும் இதில் உண்டு, அதை எதிர்த்து வந்த ஆட்சியும் உண்டு. கோவை 1981-ல் மாநகராட்சி ஆனது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் மேயர் வந்தது 1996-ல்! அதுவும் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகு. தில்லி போட்ட சட்டத்தால்தான் கோவைக்கு மேயர் கிடைத்தார் என்பதை, மாநிலக் கட்சி பேசிய நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்த பிறகும் கதை முடியவில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கும் மேலே கோவைக்கு மேயர் இல்லை. நூறு வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. தனி அதிகாரிகள் நடத்தினார்கள். ஒரு மாநில அரசைக் கலைத்துவிட்டு ஐந்து வருஷம் ஆளுநர் ஆட்சி நடத்தினால் நாம் சும்மா இருப்போமா? ரயிலை மறித்திருப்போம். மேயர் இல்லாததற்கு யார் ரயிலை மறித்தார்கள்?

நான் மறிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த வருஷங்களில் ஜி.எஸ்.டி.க்காகத் தில்லிக்கு நாங்கள் அனுப்பிய மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கும். "எங்களைக் கேட்காமல் முடிவு செய்கிறார்கள்" என்பதுதான் எல்லாவற்றிலும் முதல் வரி. அதே நேரத்தில் என் பட்டறை இருக்கும் சின்ன ஊரில், சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டி ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் வேலைக்கு வந்த எங்கள் காயில் சுற்றும் அம்மிணி அந்தக் குழியில் விழுந்து கை ஒடிந்துபோனார். ஆபீசுக்குப் போனேன். இருந்தவர் நல்ல மனிதர்தான். பொறுப்பு மட்டும் அவருடையது இல்லையாம். "ஐயா, மேலே எழுதியிருக்கோம்" என்றார்.

அந்த அம்மிணி கட்டுப் போட்ட கையோடு என்னைக் கேட்டார்: "ஏனுங்க மொதலாளி, மின்ன எல்லாம் நம்ம மெம்பர் ஊட்டு வாசல்ல போயி நின்னு சத்தம் போடுவோமுங்க. இப்ப யாரு ஊட்டு வாசல்ல போயி நிக்கறதுங்க?"

என் பேராசிரியர் 1974-ல் கேட்டதும் இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். எனக்கு வந்தது வரி. அதற்குத் தில்லி வரைக்கும் கத்தினேன். அவருக்கு வந்தது குழி. அதற்கு நான் பக்கத்துத் தெருவரைக்கும்கூட வாய் திறக்கவில்லை. கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன, கமிஷனும் தொந்தரவும் மிச்சம் என்று டீக்கடையில் சொன்னவர்களில் நானும் ஒருவன். "மாநிலத்துக் கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள்" என்று தில்லியில் யாரோ சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதே, அதே பேச்சைத்தான் நான் கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

ஆகவே ஐம்பது வருஷம் தாமதமாக என் பதில் இது. அதிகாரத்தை மேலே கேட்கிறவன் அதே அளவுகோலால் கீழே கொடுக்கவும் வேண்டும். சென்னை தில்லியிடம் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். அதே நாளில் கோவைக்கும் குன்னத்தூருக்கும் கொடுக்கட்டும். கொடுக்காமல் கேட்டால் அது உரிமைக் குரலாக யார் காதிலும் விழாது. தில்லியும் நம்மைப் பார்த்து, "நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய, மாநில, பொதுப் பட்டியல்கள் மூன்றும் இருக்கின்றன; தேர்வுக்குப் படிப்பீர்கள். அதோடு பதினொன்றாவது, பன்னிரண்டாவது அட்டவணைகளையும் படியுங்கள். ஊராட்சிக்கு 29 பொருள்கள், நகராட்சிக்கு 18 பொருள்கள். உங்கள் ஊரில் அவற்றில் எத்தனை உண்மையாகவே ஊரின் கையில் இருக்கின்றன என்று ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் நாற்காலி நிறையக் காலியாகத்தான் இருக்கும், தைரியமாக உட்காரலாம்.

பேச்சுக்கு முன்னால் நண்பனிடம் இதைப் படித்துக் காட்டினேன். "இப்பவாவது ஒத்துக்கிட்டயே, சட்டம் தில்லியிலிருந்து வந்ததுன்னு" என்றான். "சட்டம் அங்கிருந்து வந்தது, தேர்தல் இங்கே நடக்கலையே, அதுக்கு என்ன சொல்றே?" என்றேன். மறுபடியும் தொடங்கிவிட்டது. இன்று சாயங்காலம் டீக்கு அப்புறம் பழைய ஹாஸ்டல் திண்ணையில் தொடரும், இஷ்டப்பட்டவர்கள் வரலாம்.

அந்த அம்மிணியின் கை சேர்ந்துவிட்டது. இன்றும் காயில் சுற்றுகிறார். 2022 தேர்தலில் காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினார். "இனி நிக்கறதுக்கு ஒரு வாசல் இருக்குதுங்க" என்றார்.